கத்தி கூராகவில்லையா? சாணை கிட்டைத் திட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாம் ஃபிளாட் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி வந்து உட்காரும். உள்ளே பதினைந்து இருபது கத்தி, பழைய துணியில் சுற்றி. தண்ணீர்ப்பந்தலில் காய் நறுக்குகிற அக்காமார் கொடுத்து அனுப்புவது. பாதிக்கு மேல் தாய்லாந்து கீவி கத்தி, இரண்டு மூன்று அகலமான சீனக் கத்தி, யாரோ ஒருவருடைய மகன் வேலைக்குப் போன முதல் வருஷம் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த ஜெர்மன் கத்தி, ஒருமுறை நல்ல ஜப்பான் கத்தி ஒன்றுகூட வந்தது, விளிம்பெல்லாம் பல் பல்லாக உடைந்து. சாணை பிடிப்பதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த வாளி கற்றுக்கொடுத்ததுதான்.

இதுவரை கோணம் பிடித்துக் கொடுக்கிற கிட், அதாவது கல் எப்போதும் ஒரே சாய்வில் கத்தியில் படும்படி பார்த்துக்கொள்கிற சாணைச் சாமான், நான்கு வாங்கியிருக்கிறேன். முதலில் லான்ஸ்கி, அப்புறம் ரூய்சின் என்று ஷாப்பீ இணையக் கடையில் கிடைக்கிற சீனத் தயாரிப்பு, அப்புறம் ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர், கடைசியாக ஒர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட். ஷார்ப்மேக்கரில் சாய்ந்து நிற்கிற கம்பியில் கத்தியைக் கையால் இழுக்க வேண்டும்; மற்ற மூன்றிலும் கத்தி கிளாம்பில் இருக்கும், கம்பியில் மாட்டிய கல்தான் ஓடும். கத்தியைக் காந்தக்கட்டையில் நிறுத்தி உருட்டித் தேய்க்கிற ஹோர்ல் உருளையை மச்சான் வீட்டிலிருந்து ஒரு வாரம் கடன் வாங்கியும் பார்த்தேன். அடுத்தடுத்து மூன்றை வாங்கினதுக்குக் காரணம் ஒன்றே: இருப்பது சரியில்லை, அடுத்தது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறவிக் குறை இருக்கிறது, அது என்ன என்று தெரிந்துகொண்டால் இருப்பதை வைத்தே வேலையை முடிக்கலாம் என்பது நான்காவது வாங்கின பிறகுதான் மண்டையில் ஏறியது. அதனால் எந்த கிட் நல்லது என்று கேட்காமல், உங்கள் கத்தி என்ன செய்கிறது என்று பார்த்துக் கீழே அந்தத் தலைப்புக்கு வாருங்கள்.

சொற்கள் இரண்டு. கத்தி விளிம்பில் கல் பட்டு மின்னுகிற ஒல்லியான பட்டை இருக்கிறதே, அதைச் சரிவு என்கிறேன். ஒரு பக்கம் தேய்த்து முடித்ததும் மறுபக்கம் விரலில் நெருடுகிற மெல்லிய இரும்பு மடிப்பு பிசிர். கோணம் என்று எங்கே சொன்னாலும் அது ஒரு பக்கத்துக்கான கணக்கு.

“அரை மணி நேரம் தேய்த்தேன், கூர் வரவே இல்லை”

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதைச் சொல்லித்தான் வருகிறார்கள். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான், கல் இன்னும் விளிம்பைத் தொடவே இல்லை. கத்தியில் ஏற்கெனவே இருக்கும் கோணம் 25, நீங்கள் கிட்டில் வைத்தது 20 என்றால் கல் சரிவின் தோள்பட்டையை, அதாவது முதுகுப்பக்க ஓரத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கும், கூர் இருக்க வேண்டிய இடம் பத்திரமாக மழுங்கியபடியே இருக்கும். மேலே பார்த்தால் பளபளவென்று புதுக் கீறல், ஏதோ நடக்கிற மாதிரியே தெரியும். ஏமாறக் கூடாது.

கறுப்பு மார்க்கர் பேனா ஒன்றை எடுங்கள். விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் சரிவு முழுக்கப் பூசுங்கள். கல்லை நான்கே தடவை, அழுத்தாமல் ஓட்டிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை மேல் பகுதியில் மட்டும் போயிருந்தால் உங்கள் கோணம் சின்னது. விளிம்பின் கடைசி ஓரத்தில் மட்டும் மயிரிழையாகப் போயிருந்தால் கோணம் பெரியது. சரிவு முழுக்கப் போயிருந்தால் பழைய கோணத்திலேயே இருக்கிறீர்கள், தொடரலாம். இதைச் செய்யாமல் யாரும் என்னிடம் “கிட் சரியில்லை” என்று சொன்னால் நான் காதில் வாங்குவதே இல்லை.

கோணம் சின்னது என்று தெரிந்தால் இரண்டு வழி. ஒன்று, கிட்டில் கோணத்தை ஏற்றிப் பழைய சரிவோடு ஒத்துப்போவது, இது ஐந்து நிமிட வேலை. இன்னொன்று, எனக்கு இந்தக் கோணம்தான் வேண்டும் என்று மிகச் சொரசொரப்பான கல்லை எடுத்துப் பழைய தோள்பட்டை முழுவதையும் தேய்த்துத் தள்ளுவது. இதற்குப் பொறுமை வேண்டும், டிவியில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கிட்டுக்குக் கிட் வித்தியாசம் வருவது இங்கேதான். லான்ஸ்கியின் 120 கிரிட் கல் (கிரிட் என்பது சொரசொரப்பு எண், எண் ஏற ஏறக் கல் நைசாகும்) முக்கி முனகி வேலையைச் செய்துவிடும். பிரிசிஷன் அட்ஜஸ்டின் 320 டைமண்ட் அதைவிட வேகம். ஷார்ப்மேக்கரோடு வருகிற பழுப்பு செராமிக் கம்பியை வைத்துக் கோணத்தையே மாற்றப் பார்த்தால் அடுத்த தைப்பூசம் வந்துவிடும். அது மழுங்க ஆரம்பித்த கத்தியைத் தூக்கிவிடுவதற்குச் செய்த சாமான். கோணம் மாற்ற அவர்களே தனியாக டைமண்ட் கம்பி விற்கிறார்கள்.

எப்போது அடுத்த கல்லுக்குப் போவது? பிசிர் சொல்லும். ஒரு பக்கம் தேய்த்த பிறகு மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்கு வெளியே போகிற மாதிரி தடவுங்கள், விளிம்பின் நீளத்துக்கு ஒருபோதும் தடவாதீர்கள். நகம் மாட்டுகிற மாதிரி ஒரு நெருடல் பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை இருக்க வேண்டும். நடுவில் இரண்டு அங்குலம் வழவழவென்று இருந்தால் அந்த இரண்டு அங்குலம் இன்னும் மழுங்கல்தான், அங்கே மட்டும் இன்னும் தேய்க்க வேண்டும். விரலை நம்பாதவர்கள் பஞ்சைத் தடவிப் பார்க்கலாம், பிசிர் இருந்தால் நூல் மாட்டும். எனக்குப் பிடித்தது கைப்பேசி டார்ச். விளிம்பை முகத்துக்கு நேரே திருப்பி மேலிருந்து வெளிச்சம் அடித்தால், கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது, மழுங்கின இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக மின்னும். அம்மாவின் கீவி கத்தியில் முதன்முதலாக இப்படிப் பார்த்தபோது விளிம்பு முழுக்க ஒரே வெள்ளைக் கோடு, டியூப் லைட் மாதிரி.

பிசிர் வராமல் நைசான கல்லுக்குத் தாவுவது எல்லாரும் செய்கிற தப்பு. பெட்டியில் ஐந்து கல் இருந்தால் ஐந்தையும் பயன்படுத்த வேண்டும் என்று கை துடிக்கும். முதல் கல்லில் நூற்றுக்கு எழுபது நேரம் செலவாக வேண்டும். மீதிக் கல்லெல்லாம் கீறலை மழமழப்பாக்கத்தான், கூர் பிறப்பது முதல் கல்லில்.

“20 டிகிரியில்தான் வைத்தேன், மார்க்கர் மை வேறு கதை சொல்கிறது”

கிட்டில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். லான்ஸ்கியில் 17, 20, 25, 30 என்று நான்கு துளை. ஆனால் துளையின் உயரம்தான் நிரந்தரம், கத்தியின் அகலம் நிரந்தரமில்லை. கம்பி ஆடுகிற மையத்திலிருந்து விளிம்பு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்குக் கோணம் படுத்துவிடும். ஒரு கணக்கு: விளிம்பு 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும்போது சரியாக 20 டிகிரி வருகிற உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே துளையில் அகலமான சீனக் கத்தியைப் பிடித்து விளிம்பு 15 சென்டிமீட்டருக்குப் போனால் கிடைப்பது 13.6 டிகிரிதான். பழம் நறுக்கும் குட்டிக் கத்தியில் தூரம் 7 ஆகக் குறைந்தால் 27 டிகிரியைத் தாண்டிவிடும். எண் ஒன்றே, கத்தி மூன்று, கோணமும் மூன்று.

ரூய்சின் வகையிலும் பிரிசிஷன் அட்ஜஸ்டிலும் இதே கதைதான், ஆனால் அவற்றில் உயரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளலாம் என்பதால் தப்பிக்க வழி உண்டு. காந்தம் வைத்த சின்ன டிஜிட்டல் கோணமானி விற்கிறார்கள், கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். கத்தியின் பக்கவாட்டில் ஒட்டிப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, கல்லின் மேல் வைத்து அளந்தால் உண்மைக் கோணம் தெரிந்துவிடும். கத்திக்குச் செலவழித்ததைவிட இதற்குச் செலவழித்த காசுதான் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லாத காசு.

சரி, எந்தக் கோணம்? கீவி மாதிரி மெல்லிய, மென்மையான இரும்புக்கு 18 முதல் 20. ஜெர்மன் கத்திகள் இரும்பின் கடினத்தைச் சொல்கிற ராக்வெல் அளவில் பொதுவாக 56, 58 சுற்றி இருக்கும், அவற்றுக்கு 15 முதல் 20. ராக்வெல் 60க்கு மேல் போகிற ஜப்பான் கத்தி 12, 15 தாங்கும். எலும்பு வெட்டுகிற கனமான கத்திக்கு 25க்குக் கீழே போகாதீர்கள். ஹோர்ல் உருளையில் காந்தக்கட்டையின் ஒரு பக்கம் 15, மறுபக்கம் 20, நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போகிற கத்தியே வீட்டில் இருந்தால் அதைவிடச் சுலபமான சாமான் இல்லை, மச்சான் வீட்டில் அப்படித்தான்.

“பேப்பர் கிழிகிறது, தக்காளியில் வழுக்குகிறது”

இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் எதிரெதிர். ஒன்று, பிசிர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, நீங்கள் விளிம்பைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டீர்கள். சமையலறையில் தோலுள்ள காய்க்கு விளிம்பில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், நுண்ணிய ரம்பம் மாதிரி. 600 கிரிட்டோடு நிறுத்திப் பிசிரை மட்டும் எடுத்துவிட்டால் தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் அதுவே போதும். 3000, 5000 கிரிட் எல்லாம் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு.

நான் தக்காளியில் சோதிப்பதில்லை. அசாம் லக்சா என்கிற புளிப்பு மீன் நூடுல்ஸ் குழம்புக்கு அரிகிற புங்கா கந்தான் (இஞ்சி வகைப் பூ) மொக்கு ஒன்றை எடுத்துக் குறுக்கே மெல்லிசாகச் சீவிப் பார்ப்பேன். அடுக்கு அடுக்கான இதழ், மேல் இதழ் வழவழ, உள்ளே நார். கூர் சரியில்லை என்றால் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக் குலைந்துவிடும். சரியாக இருந்தால் வளையம் வளையமாக விழும், வீடே மணக்கும். சோதனையும் ஆயிற்று, குழம்பும் ஆயிற்று.

“முதல் நாள் பிளேடு மாதிரி, மூன்றாம் நாள் பழையபடி”

இதுதான் என்னை அதிக நாள் அலைக்கழித்தது. தண்ணீர்ப்பந்தலுக்குக் கொடுத்த கத்தி காலையில் பிரமாதம் என்றார்கள், மத்தியானம் பூசணிக்காய்க்கு வந்தபோது “தம்பி, என்ன இது, மறுபடியும் மொக்கையாகிவிட்டது” என்று ஓர் அக்கா கத்தியைத் திருப்பிக் காட்டினார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நான் கூராக்கினது விளிம்பை இல்லை, பிசிரை. அந்த மெல்லிய மடிப்பு நேராக நின்றுகொண்டிருந்தால் சவரக்கத்தி மாதிரி வெட்டும். பலகையில் இருபது தடவை தட்டியதும் மடிந்து படுத்துவிடும், இல்லாவிட்டால் பிய்ந்து போகும். கீழே இருப்பது மழுங்கல்.

பிசிரை எடுக்க அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இதுதான் பாதி வைத்தியம். கடைசிக் கல்லில், இந்தப் பக்கம் ஐந்து அந்தப் பக்கம் ஐந்து, அப்புறம் மூன்று மூன்று, அப்புறம் ஒன்று ஒன்றாகப் பத்துத் தடவை, கல்லின் எடை மட்டும் போதும், உங்கள் கை எடை வேண்டாம். கல் விளிம்பிலிருந்து முதுகை நோக்கிப் போகிற திசையில் ஓட்டுங்கள், அதாவது விளிம்பு கல்லைச் சீவுகிற மாதிரி. எதிர்த் திசையில் இழுத்தால் பிசிர் நீண்டுகொண்டே போகும். அதன் பிறகு தோல் பட்டையில் இழுப்பது, பட்டை இல்லாவிட்டால் மேசைமேல் விரித்த பழைய நாளிதழ், கத்தியின் முதுகை முன்னால் விட்டு மெதுவாக எட்டுப் பத்து இழுப்பு. மென்மையான இரும்பில் பிசிர் ரப்பர் மாதிரி, இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் போய் நிற்கும், அறுந்து விழாது. கீவி கத்தியில் இது உயிரை வாங்கும். அதற்கு ஒரு தந்திரம், கல்லில் கடைசி இரண்டு மூன்று ஓட்டத்துக்கு மட்டும் கோணத்தை 2 டிகிரி கூட்டி, ஒவ்வொரு பக்கமும் இறகால் தொடுகிற மாதிரி ஓட்டுவது. பிசிர் அடியோடு போய்விடும், அதோடு விளிம்புக்குக் கொஞ்சம் சதையும் கிடைக்கும்.

பிசிர் இல்லை, ஆனாலும் சீக்கிரம் மழுங்குகிறதா? அப்படியானால் வீட்டைப் பாருங்கள். கண்ணாடி வெட்டுப்பலகை இருந்தால் தூக்கிப் போடுங்கள், பீங்கான் தட்டில் வைத்து எலுமிச்சை நறுக்குகிற பழக்கம் இருந்தால் அதையும். புளிப்புச் சாறு பட்ட கத்தியை இரவு முழுக்க சிங்க்கில் போட்டுவைத்தால், இந்தக் கடற்கரைக் காற்று ஈரத்தில், கண்ணுக்குத் தெரியாத அரிப்பு விளிம்பைத்தான் முதலில் தின்னும். கோழி எலும்பையும் தெங்கிரி மீன் தலையையும் காய்கறிக் கத்தியில் போட்டுக் குத்துகிறவர்களுக்கு எந்த கிட்டும் வைத்தியம் பார்க்காது.

“ஒரு பக்கச் சரிவு அகலம், மறுபக்கம் ஒல்லி”

கிளாம்பில் கத்தி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான். பெரும்பாலான சமையல் கத்திகளின் பக்கவாட்டு தட்டையாக இருப்பதில்லை, முதுகிலிருந்து விளிம்புக்கு ஆப்பு மாதிரி ஒடுங்கும், லான்ஸ்கி மாதிரியான இரண்டு தாடைக் கிளாம்ப் அதைப் பிடிக்கும்போது ஒரு பக்கமாகச் சரியும். கோணமானியை ஒட்டி ஒரு பக்கம் அளந்து, திருப்பி மறுபக்கம் அளந்து பாருங்கள். ஒன்று 17, மற்றொன்று 22 என்று வந்தால் பிடித்த விதம் தப்பு, கழற்றி மறுபடி பிடியுங்கள். முதுகின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிடித்தால் வழுக்காது, கீறலும் விழாது.

ரூய்சின் வகையில் இரண்டு சின்னக் கிளாம்புகள், தனித்தனித் திருகு. ஒன்றை அதிகமாக இறுக்கி மற்றொன்றைக் குறைவாக இறுக்கினால் மெல்லிய கத்தி முறுக்கிக்கொள்ளும். நான் வாங்கினதில் ஒரு கிளாம்பின் தாடை அடியிலேயே வளைந்திருந்தது, விற்றவரிடம் படம் எடுத்து அனுப்பினால் “அப்படித்தான் இருக்கும்” என்று பதில். அரம் வைத்து நானே ராவிச் சரி செய்தேன். மலிவு விலைக்கு வாங்கினால் அந்த ராவுகிற வேலையும் விலையில் சேர்த்திதான்.

சீனக் கத்தி, பிரிசிஷன் அட்ஜஸ்ட், இரண்டும் சேர்ந்தால் இன்னொரு தொல்லை, கத்தி கனத்தால் தலை கவிழும். இடது கையால் பிடியைத் தாங்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கும். எட்ஜ் புரோ ஏபெக்ஸ் என்ற இன்னொரு கிட்டில் கிளாம்பே கிடையாது, கத்தியை அதன் தட்டில் கிடத்திக் கையால் நகர்த்துவது, அதனால் அகலக் கத்திக்கு அது சுகம் என்கிறார்கள். ஆனால் கை ஆடினால் கோணமும் ஆடும், யாருக்கு எது ஒத்து வருமோ.

“நுனியில் சரிவு விரிந்துவிட்டது”, “நுனியே உருண்டுவிட்டது”

இரண்டும் வேறு வேறு நோய். முதலில் விரிவதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி நிறையத் தப்பான பேச்சு உண்டு. கிளாம்பிலிருந்து தள்ளிப் போகப் போகக் கோணம் குறைந்துகொண்டே போகும் என்பார்கள். கத்தி விளிம்பு ஸ்கேல் மாதிரி நேராக இருந்து, கல் தன் கம்பியைச் சுற்றிச் சுதந்திரமாகப் புரளுமானால், அப்படி ஆகாது. கம்பி ஆடுகிற புள்ளியையும் நேர்க்கோடான விளிம்பையும் சேர்த்தால் ஒரே தளம்தான் கிடைக்கும், கல் அந்தத் தளத்திலேயே படுத்து ஓடும். நுனியை நோக்கி விளிம்பு வளையும்போதுதான் தளம் மாறுகிறது. கத்தியைப் பிடிப்பக்கமாகக் கிளாம்ப் பண்ணியிருந்தால் வளைவுப் பகுதி மையத்திலிருந்து விலகிப் போய், கோணம் படுத்து, சரிவு அகலமாகும். நுனிக்கு மிகப் பக்கத்தில் பிடித்தால் நேரெதிர், நுனியில் சரிவு ஒடுங்கிக் கோணம் தடித்துவிடும்.

அதனால் பிடிக்கும் இடத்தைத் தேட வேண்டும். விளிம்பெல்லாம் மார்க்கர் பூசி, கல்லால் நடுவில் ஒன்று, வளைவில் ஒன்று, நுனியில் ஒன்று என்று மூன்றே தொடுதல். மை போன பட்டையின் அகலம் மூன்று இடத்திலும் ஒன்றாக வரும்வரை கத்தியை ஒரு சென்டிமீட்டர் அப்படி, ஒரு சென்டிமீட்டர் இப்படி நகர்த்துங்கள். கிடைத்த இடத்தில் முதுகுப் பக்கமாகச் சின்னதாக டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள், அடுத்த முறை தேட வேண்டியதில்லை. அம்மா கத்தியில் அந்தக் குறி இன்னும் இருக்கிறது, அவர் அதைப் பிய்க்கப் பார்த்து இரண்டு தடவை சண்டை.

நுனி உருண்டுபோவது கையின் தப்பு. கல் நுனியைத் தாண்டி வழுக்கி வெளியே விழும்போது நுனியை மழித்துக்கொண்டே போகிறது. கல்லின் பாதி அகலம் கத்தியில் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஷார்ப்மேக்கரில் கத்தியைக் கம்பியில் கீழ்நோக்கி இழுத்து வரும்போதும் அதே, நுனி கம்பியை விட்டு விழுவதற்கு முன்னால் கை நிற்க வேண்டும். மணிக்கட்டு சாயாமல் கத்தி செங்குத்தாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், அந்த கிட்டின் பலவீனமே அதுதான், கோணத்தைக் கம்பி பார்த்துக்கொள்ளும், செங்குத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

“கல்லை மாற்றியதும் கோணம் மாறிவிட்டது”

ரூய்சின் வகைக்காரர்களுக்கு. கற்கள் எல்லாம் ஒரே தடிமன் இல்லை. ஒரு கல் 2 மில்லிமீட்டர் தடித்திருந்தால், விளிம்பு 15 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும்போது முக்கால் டிகிரி மாறும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அந்தத் தடித்த கல் விளிம்பைத் தொடாமல் போக அதுவே போதும். ஒவ்வொரு கல்லுக்கும் கோணமானியை வைத்து உயரத்தைச் சரி செய்யுங்கள், ஐந்து விநாடி.

லான்ஸ்கியில் வேறு மாதிரி. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கம்பி திருகி மாட்ட வேண்டும், அந்தக் கம்பி கல்லுக்கு இணையாக நிற்க வேண்டும். கல்லை முகம் கவிழ்த்து மேசையில் வைத்து, கம்பியை நேராக்கி, அப்புறம் திருகை இறுக்குங்கள். கம்பி வளைந்திருந்தால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு கோணம். ஈரக் காற்றில் கம்பி துருப்பிடித்தால் துளைக்குள் கரகரக்கும், துடைத்து வையுங்கள்.

“கல் வழுக்குகிறது, எதையும் எடுக்கவில்லை”

இரும்புத் தூள் கல்லின் கண்களை அடைத்துவிட்டது. செராமிக் என்றால் பாத்திரம் தேய்க்கிற பவுடர், பச்சை நார், தண்ணீர். டைமண்ட் என்றால் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும். எண்ணெய் போடுகிற கல்லுக்குச் சமையல் எண்ணெய் போடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுத்துப் பிசின் மாதிரி இறுகிவிடும். நான் செய்தேன், அந்தக் கல்லை இப்போது கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

புது டைமண்ட் தகடு ஆரம்பத்தில் கர்ண கொடூரமாகக் கீறும். நான்கைந்து கத்திக்குப் பிறகு சாந்தமாகிவிடும், திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம். அழுத்தித் தேய்த்தால்தான் சீக்கிரம் ஆகும் என்று நினைத்து ஊன்றினீர்கள் என்றால் டைமண்ட் துகள் பெயர்ந்துவிடும், அதற்கு மருந்து கிடையாது.

“விளிம்பில் சின்னச் சின்னப் பல்”

அந்த ஜப்பான் கத்தி. கேட்டபோது தெரிந்தது, வீட்டில் ஆங்கில வி வடிவப் பள்ளத்தில் வைத்து இழுக்கிற மலிவுச் சாமானில் தினமும் இழுத்திருக்கிறார்கள். அதிலுள்ள கார்பைடு தகடு, கடினமான இரும்பைச் சீவாமல் பிய்க்கும். பல் ஆழமாக இருந்தால் அதன் அடிவரை மொத்த விளிம்பையும் தேய்த்துக் கீழிறக்க வேண்டும், முதல் கல்லில் ஒரு மணி நேரம், வேறு வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் சரிவு உள்ள மீன் கத்தி என்றால் கிளாம்பில் மாட்டவே மாட்டாதீர்கள். அதன் பின்பக்கம் தட்டைக் கல்லில் கிடக்க வேண்டியது.

கேக் வெட்டுகிற ரம்பக் கத்திக்கு ஷார்ப்மேக்கரின் முக்கோணக் கம்பியில் கூரான மூலை இருக்கிறது, அதைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். பாராங்கு (மலாய்க் காட்டுக்கத்தி) என்றால் அதன் விளிம்பு உப்பலாக இருக்கும், எந்த கிட்டிலும் ஒழுங்காக உட்காராது. சாண்ட்பேப்பரை மௌஸ் பேட்மேல் ஒட்டி முதுகை முன்விட்டு இழுப்பதுதான் சரி. அரிவாள்மனையும் அப்படியே, கிளாம்புக்கு அடங்காத பிறவி. ஆள் உட்கார்ந்தபடியே கல்லைக் கையில் எடுத்துத் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான், எங்கள் பாட்டி அம்மிக்கல் விளிம்பில் தீட்டியதும் அதே முறைதான்.

“கத்தி ஆகிவிட்டது, கையும் வெட்டிவிட்டது”

கல்லைப் பிடிக்கிற கட்டைவிரல் கல்லின் பக்கவாட்டுக்குக் கீழே தொங்கக் கூடாது. அது தொங்கும், கத்தி மழுங்கலாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, பத்தாவது நிமிடத்தில் நீங்கள் செய்த வேலை நன்றாக வந்திருக்கிறது என்பதை அந்த விரல்தான் முதலில் தெரிந்துகொள்ளும். போன தைப்பூசத்தில் எனக்கு இரண்டு தையல். வாளியில் இன்னும் ஆறு கத்தி மிச்சம் இருந்தது, அதைத் தம்பிதான் முடித்துக் கொடுத்தான், மார்க்கர் பூசாமல்.